மாண்டவள் மீண்ட வரலாறு

2017ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று, அமெரிக்க நாட்டில் ஒரு திரைப்படம் வெளியாயிற்று. 'ஹேப்பி டெத் டே' என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் பிறந்தநாள் வாழ்த்தாக வழங்கும் தொடரில் பிறப்பைக் குறிக்கும் சொல்லை நீக்கி, இறப்பைக் குறிக்கும் சொல்லை இட்டு அமைத்த பெயர் அது. 'இனிய இறந்தநாள் வாழ்த்து' என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். 13ஆம் தேதியும் வெள்ளிக்கிழமையும் ஒன்றுகூடும் நாளைத் தீயநாள் என்று மேனாட்டார் பலர் அஞ்சுவர். அந்த நாளையே வெளியீட்டு நாளாகத் தேர்ந்தெடுத்திருந்தனர்.

கதை சொல்லிவிடக்கூடிய அளவினதே. கல்லூரி மாணவி ஒருத்தி தன் பிறந்தநாளன்று முகமூடி அணிந்த ஒருவனால் கொலையுண்கிறாள். கண் மூடிய அக்கணமே அதே நாளின் காலையில், அதே கட்டிலில், விழித்தெழுகிறாள். அன்றிரவு மீண்டும் கொலையுண்கிறாள். மீண்டும் அதே காலை விடிகிறது. இவ்வாறு ஒரே நாள் சுழன்று சுழன்று வருவதை நாம் காலச்சுழல் என்போம். அச்சமும் நகைப்பும் ஒருங்கே கலந்த இப்படம் இளம்பருவத்தினருக்காக எடுக்கப்பட்டது. ஏறக்குறைய 48 இலட்சம் டாலர் செலவில் உருவாகி, உலகெங்கும் 12 கோடி டாலருக்கும் மிகுதியாக ஈட்டியது.

இத்தகைய கேளிக்கைப் படம் ஒன்றை வரலாற்று நோக்கில் ஆராய்வானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். ஒரு சமுதாயம் எவருடைய மரணத்தைக் கண்டு கண்ணீர் விடுகிறது, எவருடைய மரணத்தைத் தின்பண்டம் கொறித்தவாறே கண்டு மகிழ்கிறது என்பது வரலாற்றுக்கு உரிய கேள்வியே ஆகும். அமெரிக்காவின் இளைஞர் திகிற்படங்களில் நெடுங்காலமாகக் கொலையுண்டு வந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, வரலாறு இல்லை. கதை தொடங்கிச் சிறிது நேரத்தில் மறைந்துவிடுவார்கள்; அதன்பின் எவரும் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவ்வாறு மறைய வேண்டிய ஒருத்தியை மீண்டும் மீண்டும் எழுப்பி, அவளையே கதையின் தலைவியாக்கியது இப்படம். அந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை நாம் இங்குக் காண்போம்.

தந்தை நடித்த படம்

வரலாற்றை 1957ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. படம் எடுக்கும் பெரு நிறுவனங்களே திரையரங்குகளையும் தம் கையில் வைத்திருத்தல் கூடாது என்பது அதன் விளைவு. பெரு நிறுவனங்களின் பிடி தளரவே, சிறு தயாரிப்பாளர்கள் தலைதூக்கினர். அதே காலத்தில் வீடுகள்தோறும் தொலைக்காட்சி புகுந்தது. பெரியவர்கள் திரையரங்குக்குச் செல்வது குறைந்தது. வீட்டை விட்டு வெளியே செல்ல விரும்பியவர்கள் இளைஞர்களே. மோட்டாரில் அமர்ந்தவாறே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகள் அக்காலத்தில் பெருகின. 1950களின் இறுதியில் அவற்றின் எண்ணிக்கை 4,000ஐக் கடந்திருந்தது. அவ்வரங்குகளை நிரப்பிய இளங்கூட்டத்தை நம்பியே 'அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ்' போன்ற நிறுவனங்கள் எழுந்தன.

அந்நிறுவனம் 1957இல் வெளியிட்ட படம் 'ஐ வாஸ் எ டீனேஜ் வேர்உல்ஃப்'. பதின்பருவத்து இளைஞன் ஒருவன் ஓநாய் மனிதனாக மாறும் கதை அது. ஓர் இலட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, அதனினும் பன்மடங்கு பொருளீட்டியது. எளிதில் சினங்கொள்ளும் மாணவன் டோனியைத் திருத்த வேண்டும் என்று பெரியவர்கள் அவனை ஒரு மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். அம்மருத்துவரோ அவனை அறிதுயிலில் ஆழ்த்தி, மனிதனின் ஆதி விலங்கு நிலைக்குத் திருப்பிவிடுகிறார். ஒருநாள் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மாணவி தனியே பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள். டோனி வாயிலில் நின்று பார்க்கிறான். அவன் தலைக்குப் பின்னால் பள்ளி மணி ஒலிக்கிறது. அவ்வோசையே அவனுள் உறங்கும் விலங்கை எழுப்புகிறது, மாணவி கொலையுண்கிறாள். அவள் பெயர் தெரஸா. அவளுக்குப் பெற்றோர் உண்டா, அவள் எதற்கு ஏங்கினாள், எதற்கு அஞ்சினாள் என்பன எவையும் நமக்குச் சொல்லப்படவில்லை. இரக்கம் முழுவதும் ஓநாயாக மாறிய இளைஞனுக்கே உரியதாகிறது.

டோனியாக நடித்தவர் மைக்கேல் லாண்டன். பின்னாளில் 'பொனான்ஸா' முதலிய தொலைக்காட்சித் தொடர்களால் அமெரிக்கக் குடும்பங்கள் எல்லாம் அறிந்த நடிகராக விளங்கினார். அவர் 1991ஆம் ஆண்டில் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருடைய மைந்தர்களுள் ஒருவரான கிறிஸ்டோஃபருக்கு வயது 16. அந்தக் கிறிஸ்டோஃபர் லாண்டனே, தந்தையின் ஓநாய்ப் படம் வெளிவந்து சரியாக 60 ஆண்டுகளுக்குப் பின்னர், 'ஹேப்பி டெத் டே' படத்தை இயக்கினார். அவருடைய படத்திலும் கல்வி நிலையத்தில் மணி ஒலிக்கிறது. அதிலும் தலைவியின் இயற்பெயர் தெரஸா. இஃது எண்ணி அமைத்ததென்று நாம் கூறத் துணியோம், தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் முதல் தெரஸா மணியோசை கேட்டு மாண்டாள்; இரண்டாம் தெரஸா மணியோசை கேட்டு விழிக்கிறாள். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே நம் கட்டுரையின் பொருள்.

கொலைக் கதையின் இலக்கணம்

1960ஆம் ஆண்டில் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் 'சைக்கோ' என்னும் படத்தை வெளியிட்டார். ஜேனட் லீ ஏற்று நடித்த பெண்ணே கதைத்தலைவி என்று பார்ப்போர் நம்பியிருக்க, படம் பாதியை எட்டுமுன்னரே அவள் குளியலறையில் கத்திக்கு இரையாகிறாள். காட்சி தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடலாகாது என்று திரையரங்குகளுக்கு ஹிட்ச்காக் கட்டளையிட்டார். தாமதமாக வருவோர் ஜேனட் லீயைத் தேடித் திகைப்பர் என்பதே காரணம். அவளுடைய மரணம் உலகையே உலுக்கியது. ஏனெனில் அதற்கு முன் அவளுடைய ஆசையையும் அச்சத்தையும் குற்றவுணர்வையும் நாம் அறிந்திருந்தோம். பின்வந்தோர் கத்தியை எடுத்துக்கொண்டனர். அந்த அறிமுகத்தை விட்டுவிட்டனர்.

1968இல் அமெரிக்கத் திரையுலகின் பழைய கட்டுப்பாட்டு விதிகள் நீங்கி, வயதுக்கேற்பப் படங்களைத் தரம் பிரிக்கும் முறை வந்தது. முன்னர்க் காட்டக்கூடாதனவாக இருந்தவை காட்டத்தக்கன ஆயின. பத்தாண்டுகள் கழித்து, 1978இல், ஜான் கார்ப்பென்டர் 'ஹாலோவீன்' படத்தை எடுத்தார். அதில் கொலைஞனிடமிருந்து தப்பிப் பிழைக்கும் பெண்ணாக நடித்தவர் ஜேமி லீ கர்ட்டிஸ். 'சைக்கோ' படத்தில் மாண்ட ஜேனட் லீயின் மகள் அவர். கொலைஞனின் முகமூடியோ கடையில் விற்ற விளையாட்டு முகமூடிக்கு வெள்ளை வண்ணம் பூசியது. எளிய செலவில் எடுத்த அப்படம் பெரும்பொருள் ஈட்டவே, அதனைப் பின்பற்றி எண்ணற்ற படங்கள் தோன்றின. அமெரிக்கர் இவ்வகையை 'ஸ்லாஷர்' என்பர். வெட்டிச் சாய்க்கும் கொலைஞனின் கதை என்பது பொருள்.

இவ்வகைப் படங்களுக்கு விரைவிலேயே ஓர் இலக்கணம் அமைந்துவிட்டது. கொலைஞன் முகமூடி அணிந்தவன். இளைஞர் கூட்டம் ஒன்று பெரியோர் இல்லாத இடத்தில் தங்கும். மது அருந்துபவளும், ஆடவரோடு கூடிக் களிப்பவளும், பிறரை ஏளனம் செய்பவளும் முதலில் மாள்வர். அடக்கமும் விழிப்பும் உடைய ஒருத்தி மட்டும் இறுதிவரை நிற்பாள். கரோல் க்ளோவர் என்னும் அமெரிக்கப் பேராசிரியை இவளுக்குக் 'கடைசிப் பெண்' என்று பெயரிட்டு, 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். கடைசிப் பெண்ணைப் பற்றி ஆய்வுகள் பல எழுந்தன. அவளுக்கு முன்னே மாண்டவர்களோ எண்ணிக்கையாகவே எஞ்சினர்.

இப்படங்களுக்கும் நாட்காட்டிக்கும் நெருங்கிய உறவு இருந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஹாலோவீன் என்பது அக்டோபர் 31ஆம் நாள் கொண்டாடப்படும் விழா. 1980இல் வந்தது 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்'. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்பதே அதன் பெயர். 1981இல் காதலர் தினத்தைக் களமாகக் கொண்ட ஒரு படமும், பட்டமளிப்பு நாளைக் களமாகக் கொண்ட ஒரு படமும், பிறந்தநாளைக் களமாகக் கொண்ட ஒரு படமும் வெளியாயின. மகிழ்ச்சிக்குரிய நாள் வரும். அந்நாளில் மரணமும் வரும். அடுத்த ஆண்டு அடுத்த பாகம் வரும். அதே கொலைஞன் வேறு இளைஞர்களைக் கொல்வான். 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வரிசையில் மட்டும் 2009ஆம் ஆண்டு வரையில் 12 படங்கள் வெளிவந்தன. உற்று நோக்கின், காலச்சுழல் என்பது இவ்வகைப் படங்களில் முன்னரே மறைந்திருந்தது எனலாம். கொலைஞன் மட்டும் ஒவ்வொரு முறையும் உயிர்த்தெழுந்தான், கொலையுண்டவள் எழவில்லை. வேறுபாடு அவ்வளவே.

1996இல் வெஸ் க்ரேவன் இயக்கிய 'ஸ்க்ரீம்' படம் இந்த இலக்கணத்தைப் பாத்திரங்களின் வாயாலேயே சொல்ல வைத்தது. அதில் வரும் இளைஞர்கள் திகிற்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். எவர் முதலில் மாள்வர் என்னும் விதிகளை ஒப்பிப்பவர்கள். அதனால் திகிலோடு நகைச்சுவை சேர்ந்தது. நகையையும் அச்சத்தையும் எண்வகை மெய்ப்பாடுகளுள் வைத்தவர் தொல்காப்பியர். ஒன்றுக்கொன்று மாறானவை போலத் தோன்றும் அவ்விரண்டும் திரையில் அண்டை வீட்டாராகவே வாழ்கின்றன. எதிர்பார்ப்பை ஏற்றி வைத்து, எதிர்பாராத கணத்தில் அதனை அவிழ்ப்பதே இரண்டிற்கும் பொதுவான வழி. 'ஸ்க்ரீம்' விதிகளைக் கண்டு நகைத்தது உண்மை. ஆயினும் விதிகளை அது நீக்கிவிடவில்லை. தொலைபேசியை எடுத்த முதற்பெண் அதிலும் மாளத்தான் செய்தாள்.

சுழலும் நாள்

இனி, நம் படத்தின் மற்றொரு வேரைக் காண்போம். நடந்தது அனைத்தும் நடந்தவாறே மீண்டும் மீண்டும் நடக்குமாயின் மனிதன் அதை எவ்வாறு ஏற்பான் என்னும் கேள்வியை ஜெர்மானியத் தத்துவ அறிஞர் நீட்சே 1882இல் எழுப்பினார். ரஷ்ய எழுத்தாளர் உஸ்பென்ஸ்கி அதனையே நாவலாக்கினார். தன் இளமைக்குத் திரும்பிச் சென்ற ஒருவன், முன்னரே அறிந்திருந்தும் அதே பிழைகளை மீண்டும் செய்வதை அந்நாவல் காட்டியது. 1973இல் ரிச்சர்ட் லுபாஃப் என்னும் அமெரிக்கர் எழுதிய சிறுகதையில், ஒரு மனிதனுக்கு நண்பகல் 12 மணி 1 நிமிடம் முதலான ஒரு மணி நேரம் மட்டும் ஓயாது சுழல்கிறது. 1984இல் ஜப்பானிய இயக்குநர் மமோரு ஓஷி 'உருசெய் யட்சுரா' வரிசையின் இரண்டாம் படத்தில், பள்ளி விழாவுக்கு முந்திய நாள் முடிவின்றித் திரும்பி வருவதைச் சித்திரப்படமாகத் தீட்டினார்.

இக்கருத்தை உலகெங்கும் பரப்பிய படம் 1993இல் வந்த 'க்ரவுண்ட்ஹாக் டே' ஆகும். டேனி ரூபின் கதை எழுத, ஹரால்டு ராமிஸ் இயக்கினார். செருக்கு மிக்க வானிலை அறிவிப்பாளன் ஒருவன் பென்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்றில் பிப்ரவரி 2ஆம் நாளைக் கழிக்கிறான். அந்நாளிலிருந்து அவனால் வெளியேற இயலவில்லை. முதலில் இன்பம் துய்க்கிறான், பின்னர் மனமுடைகிறான், உயிரை விட முயன்றும் மறுநாள் விழித்துக்கொள்கிறான். அவ்வூரில் ஒரு முதிய இரவலன் அன்றிரவு இறந்துவிடுகிறான். உணவு கொடுத்தும், மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும், அவனை மட்டும் காப்பாற்ற முடிவதில்லை. எல்லாம் அறிந்தவனுக்கும் எல்லாம் இயல்வதில்லை என்று உணரும் இடத்தில் அவனுடைய செருக்கு அழிகிறது. காலச்சுழலை ஒழுக்கப் பள்ளியாக மாற்றிய பெருமை இப்படத்தையே சாரும்.

ஆயினும் அப்பள்ளியின் மாணவன் நடுவயது ஆடவன். தன்னைத் திருத்திக்கொள்ள அவனுக்கு முடிவற்ற காலம் வழங்கப்பட்டது. மறுபுறம், திகிற்படத்தில் தீய குணமுடைய இளம்பெண்ணுக்குத் திருந்த ஒரு நாழிகையும் வழங்கப்படவில்லை. குற்றத்திற்குத் தண்டனை உடனே வந்தது. இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் 2017ஆம் ஆண்டுப் படத்தின் துணிவு விளங்கும்.

இரு மரபுகளின் சந்திப்பு

திரைக்கதையை எழுதியவர் ஸ்காட் லாப்டெல். சித்திரக்கதை நூல்கள் எழுதிப் பெயர் பெற்றவர். 2007ஆம் ஆண்டிலேயே இக்கதை 'ஹாஃப் டு டெத்' என்னும் பெயரில் படமாகும் என்றும், மைக்கேல் பே தயாரிக்க மேகன் ஃபாக்ஸ் நடிப்பார் என்றும் அறிவிப்பு வந்தது. அது நிறைவேறவில்லை. பத்தாண்டுகள் கழிந்து ஜேசன் ப்ளமின் ப்ளம்ஹவுஸ் நிறுவனம் அதனை மேற்கொண்டது. சிறிய தொகைக்குள் படத்தை முடித்துக்கொள்வதும், அதற்கு ஈடாக இயக்குநருக்குப் பெருமளவு உரிமை தருவதும் அந்நிறுவனத்தின் முறை. ஏறக்குறைய 15,000 டாலரில் எடுக்கப்பட்ட 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' அதன் பெருவெற்றிகளுள் ஒன்று. அவ்வரிசையின் பிற்பாகங்களை எழுதியவர்களுள் கிறிஸ்டோஃபர் லாண்டனும் ஒருவர். காலச்சுழல் கதை சிறு முதலீட்டுக்கு ஏற்றது என்பதையும் நாம் நோக்க வேண்டும். ஒரே அறை, ஒரே முற்றம், ஒரே உடை, ஒரே கூட்டம். அவையே மீண்டும் மீண்டும் வரும். நியூ ஆர்லியன்ஸ் நகரின் லயோலா பல்கலைக்கழக வளாகத்தில் படப்பிடிப்பு நடைபெற்றது.

தலைவி தெரஸாவை எல்லோரும் 'ட்ரீ' என்றே அழைக்கின்றனர். ஜெஸிகா ரோத் அப்பாத்திரத்தை ஏற்றார். தோழியரை இகழ்பவள், மணமான பேராசிரியரோடு உறவு கொண்டவள், தந்தையின் தொலைபேசி அழைப்பை ஏற்காதவள். பழைய இலக்கணத்தின்படி முதற்பத்து நிமிடத்தில் மாள வேண்டியவள். அவ்வாறே மாளவும் செய்கிறாள். ஆனால் மணி ஒலிக்கிறது. கார்ட்டர் என்னும் மாணவனின் அறையில் அவள் விழிக்கிறாள். படம் தொடங்கும்போது வரும் யுனிவர்சல் நிறுவனத்தின் உலக உருண்டைச் சின்னமே இடையில் நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கிப் பார்ப்போரைத் திகைக்க வைக்கிறது.

நகைச்சுவை இதிலிருந்தே பிறக்கிறது. முற்றத்தில் நீர் தெளிக்கும் குழாய் எப்போது பீறிடும், எந்த மோட்டார் அலறும், எந்த மாணவன் மயங்கி விழுவான் என்பவை அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், அங்கிருப்போருக்குத் தெரியாது. கொலைஞனுக்கு அஞ்சி, காவலர் தன்னைச் சிறையிலிட்டாலே நலம் என்று வேண்டுமென்றே குற்றத்தை ஒப்புக்கொண்டு, கைது செய்யப்பட்டதற்காக அவள் பெருமகிழ்ச்சி அடைகிறாள். சிறுவர்க்கும் பெற்றோர் துணையுடன் காட்டத்தக்க தரச் சான்று பெற்ற படமாதலின் குருதி மிகுதியாகக் காட்டப்படவில்லை. காட்ட இயலாத இடத்தில் நகைப்பு வந்து அமர்ந்தது.

ஆயினும் மரணத்தை முற்றும் விளையாட்டாக்கிவிடாமல் காத்தது ஒரு நுட்பமான ஏற்பாடு. வானிலை அறிவிப்பாளன் எத்தனை முறை மாண்டாலும் மறுநாள் நலமுடனே எழுந்தான். ட்ரீயோ அவ்வாறில்லை. ஒவ்வொரு மரணத்தின் காயமும் அவளுடைய உடலின் உள்ளே தங்கிவிடுகிறது. மருத்துவமனையில் ஆராய்ந்தபோது, இத்தனை காயங்களோடு இவள் எவ்வாறு உயிரோடு இருக்கிறாள் என்று வியக்கும் நிலை வருகிறது. பழைய படங்களில் ஒருத்தியின் வலியை அடுத்த காட்சி மறந்துவிடும். இங்கு மறக்க வழியில்லை. வலி கணக்கில் சேர்கிறது.

படத்தின் உயிர்நிலை மணிக்கூண்டுக் காட்சியாகும். தன்னைக் காக்க வந்த கார்ட்டர் கொலையுண்டுவிட, ட்ரீ கொலைஞனை வீழ்த்தி நிற்கிறாள். ஓர் அடி போதும், அவன் மாள்வான், மறுநாள் விடிந்துவிடும், அவள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அவ்வாறு விடிந்தால் கார்ட்டரின் மரணம் நிலைத்துவிடும். அதனை உணர்ந்த அவள் தன் விடுதலையைத் துறந்து, தன் உயிரை விட்டு, நாளை மீண்டும் தொடங்கச் செய்கிறாள். அதுவரை பிறரால் கொல்லப்பட்டவள் முதன்முறையாகத் தன் மரணத்திற்கு ஒரு பொருளைத் தானே அளிக்கிறாள். அதன்பின் வரும் நாளில் மயங்கி விழும் மாணவனின் தலைக்குத் தலையணை வைக்கிறாள், தந்தையைச் சந்திக்கிறாள். காலஞ்சென்ற தாய்க்கும் தனக்கும் பிறந்தநாள் ஒன்றே என்பதும், அத்துயரைக் காண அஞ்சியே தந்தையைத் தவிர்த்து வந்தாள் என்பதும் அங்கு வெளியாகின்றன. 16 வயதில் தந்தையை இழந்த ஒருவர் இயக்கிய படம் இது என்பதை நேயர்கள் நினைவில் கொள்வார்களாக.

பார்ப்போர் மாறினர்

இப்படத்தின் வரலாற்றில் நாம் மிகச் சிறந்ததாகக் கருதும் செய்தி திரைக்கு வெளியே நிகழ்ந்தது. முதலில் எடுத்த முடிவில் ட்ரீ பிழைக்கவில்லை. உண்மைக் கொலையாளியான தோழியை வென்ற பின்னர் மருத்துவமனைக்குச் செல்கிறாள். அங்கே பேராசிரியரின் மனைவி அவளைக் கொன்றுவிடுகிறாள். கடைசிக் கணத்தில் ஓர் அதிர்ச்சி தருவது திகிற்படங்களின் பழைய வழக்கம். ஆனால் வெளியீட்டுக்கு முன்னர்க் காட்டிப் பார்த்தபோது மக்கள் அம்முடிவை ஏற்கவில்லை. ஆதலின் அது நீக்கப்பட்டு, மறுநாள் உண்மையாகவே விடிவதாக மாற்றப்பட்டது. 1980களின் அரங்குகளில் இத்தகைய பெண் மாளும்போது ஆரவாரம் செய்தவர்களின் பிள்ளைகள், அவள் பிழைத்தே தீர வேண்டும் என்றனர். அவளோடு அத்தனை காலைகளில் விழித்தெழுந்தவர்கள் அவளை எண்ணிக்கையில் ஒன்றாகக் கருத இயலவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ட்ரீக்கு வரலாறு கொடுத்த படம், அவளைக் கொன்ற தோழி லோரிக்கு அதனைக் கொடுக்கவில்லை. நஞ்சிட்ட பிறந்தநாள் பணியாரத்தைக் கொண்டு வந்தவள் அவளே. பொறாமை என்னும் ஒரு சொல்லோடு அவள் கதை முடிந்து, சாளரத்தின் வழியே வீழ்ந்து மாள்கிறாள். இரு மாணவியரோடும் உறவு கொண்ட பேராசிரியரின் பொறுப்பைப் படம் ஆழ்ந்து வினவவில்லை. ஒருத்திக்கு நீதி வழங்க மற்றொருத்தியைப் பழைய இலக்கணத்திற்கே பலி கொடுத்தது என்று கூறுவோரின் கூற்றில் நியாயம் உண்டு.

2019இல் இரண்டாம் பாகம் வந்தது. தாய் உயிரோடிருக்கும் மற்றோர் உலகத்தில் விழித்தெழும் ட்ரீ, அங்கேயே தங்குவதா, தன் உலகுக்குத் திரும்புவதா என்னும் தேர்வுக்கு உள்ளாகிறாள். அப்படத்தை பிப்ரவரி 14ஆம் நாள் வெளியிடத் திட்டமிட்டிருந்தனர். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 2018 பிப்ரவரி 14இல், ஃபுளோரிடா மாநிலத்தின் பார்க்லாண்டு நகரப் பள்ளியொன்றில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் மாண்டிருந்தனர். அந்த நினைவு நாளில் இத்தகைய படம் வருவது தகாது என்று வெளியீட்டை ஒரு நாள் முன்னதாக, 13ஆம் தேதிக்கு, மாற்றினர். வளாகத்தில் மாணவி மாள்வதும் மீள்வதும் திரையில் விளையாட்டாகலாம். வளாகத்திற்கு வெளியே, மீளாத பிள்ளைகளின் பெற்றோர் இருந்தனர். ஒரே ஒரு நாள் மாற்றமாயினும், கேளிக்கை உண்மையின் முன் சற்றே விலகி நின்ற நாளாக அதனை நாம் குறித்துக்கொள்ளலாம்.

காலச்சுழல் பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. 2021 நவம்பரில் வெங்கட் பிரபுவின் இயக்கத்தில் சிலம்பரசன் நடித்து வெளியான 'மாநாடு' அதனைத் தமிழில் பரவச் செய்தது. முதலமைச்சரைக் கொல்லச் சதி செய்வோர், பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மீது சுமத்திக் கலவரம் மூட்டக் கருதுகின்றனர். அவனோ மாண்டு மாண்டு எழுந்து சதியை முறியடிக்கிறான். கதையும் களமும் வேறு, திகிற்படமும் அன்று. எனினும் இங்கும் நாள் சுழல்வது எவனுக்காக என்று பாருங்கள். எளிதில் பலியிடத்தக்கவன் என்று பிறர் எண்ணிய ஒருவனுக்காகவே அது சுழல்கிறது.

நாம் வாழும் உலகில் எந்த நாளும் திரும்பி வருவதில்லை. கலை மட்டுமே அதனைத் திருப்பித் தர வல்லது. அவ்வாறு திருப்பித் தரும்போது யாருக்குத் தருகிறது என்பதில்தான் ஒரு காலத்தின் மனப்பான்மை வெளிப்படுகிறது. 1957ஆம் ஆண்டின் தெரஸாவுக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு சில நிமிடங்களே கிடைத்தன. அவள் எத்தகையவள் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. 2017ஆம் ஆண்டின் தெரஸாவுக்கு ஒரு நாள் பலமுறை கிடைத்தது. அதற்குள் அவள் தன் தந்தையிடம் திரும்பிச் சென்றாள். தந்தை நடித்த படத்தில் இல்லாத இரக்கத்தை மகன் எடுத்த படம் தேடிக் கண்டது. அறுபது ஆண்டுகளில் அத்திரை நடந்து வந்த தொலைவு இதுவே.